ஃபைபருக்கு மாறிய பின் வீட்டுக்குள் போன் வேலை செய்யவில்லையா? வைஃபை காலிங் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கான்கிரீட் கூரை, ஒன்பது அங்குலச் சுவர், நாலு பக்கமும் அடுக்குமாடி. வீட்டுக்குள் டவர் எடுக்காத குடும்பங்களுக்கு இன்று கைகொடுப்பது, சாதாரண அழைப்பை டவருக்குப் பதிலாக வீட்டு வைஃபை வழியாகக் கொண்டுபோகும் வைஃபை காலிங்தான். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இந்த வசதியைத் தொடங்கின. பழைய தொலைபேசிக் கம்பி இணைப்பிலோ கேபிள் இணைப்பிலோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஃபைபர் போட்ட மறுநாளே நின்றுபோவது பல வீடுகளில் நடக்கிறது. இன்டர்நெட் வேகமாக இருக்கும்போது போன் மட்டும் ஏன் நிற்கிறது, எந்த வரிசையில் சரிபார்ப்பது என்பதற்கான பதில்கள் இவை.

வாட்ஸ்அப் கால் தெளிவாகக் கேட்கிறது. சாதாரண அழைப்பு மட்டும் ஏன் போகவில்லை?

இரண்டும் வேறு வேறு பாதையில் போகின்றன. வைஃபை காலிங்கில் உங்கள் போன், மொபைல் நிறுவனத்தின் நுழைவாயில் சர்வரைத் தேடிப் பிடித்து, அதனுடன் ஐபிசெக் என்ற மறையாக்கச் சுரங்கம் ஒன்றை அமைக்கிறது. அழைப்பு, எஸ்.எம்.எஸ். எல்லாம் அதற்குள்தான் போய்வரும். முதல் பேச்சு யு.டி.பி. 500 என்ற போர்ட்டில் தொடங்கும் (யு.டி.பி. என்பது தகவல் அனுப்பும் ஒரு முறை, இங்கே போர்ட் என்பது எண்ணிட்ட வாசல்). நடுவில் ஒரு ரவுட்டர் ஐ.பி. முகவரியை மாற்றுகிறது என்று தெரிந்ததும் யு.டி.பி. 4500க்குத் தாவும். வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் 4500தான் உண்மையான பாதை.

பிரௌசரோ யூடியூபோ வாட்ஸ்அப்போ இந்தச் சுரங்கத்தைத் தொடுவதே இல்லை. ஆகவே ஸ்பீட் டெஸ்ட் 200 எம்.பி.பி.எஸ். காட்டினாலும் அது வைஃபை காலிங்கைப் பற்றி எதையும் சொல்லாது. ஓர் அழைப்புக்கு மேலும் கீழுமாகத் தலா 100 கே.பி.பி.எஸ். அளவே போதும். பழைய மெதுவான இணைப்பில் வேலை செய்ததற்கும் புதியதில் நின்றதற்கும் காரணத்தை வேகத்தில் தேட வேண்டாம். புதிதாக வந்த பெட்டியில் தேடுங்கள்.

கோளாறு போனிலா, சிம்மிலா, பிராட்பேண்டிலா என்று எப்படிப் பிரிப்பது?

இரண்டு சோதனை போதும். ரவுட்டர் அமைப்பில் கைவைப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். பாதி நேரம் மிச்சம்.

முதலாவது, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பிறகு வைஃபையை மட்டும் இயக்குங்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள். ஐபோனில் நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் வைஃபை என்று வரும்; ஆண்ட்ராய்டில் சிக்னல் குறிக்கு அருகே வைஃபை காலிங் சின்னம் தோன்றும். அது வந்து அழைப்பும் போனால் சுரங்கம் நன்றாகவே இருக்கிறது. சாதாரண நிலையில் போன், வலுவற்ற டவரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் உங்கள் பிரச்சினை. ஆண்ட்ராய்டில் அழைப்பு விருப்பத்தை 'வைஃபைக்கு முன்னுரிமை' என்று மாற்றினால் தீரும்.

இரண்டாவது, ஏரோபிளேன் மோடிலும் வரவில்லை என்றால், டவர் கிடைக்கும் இடத்துக்கு, மொட்டை மாடிக்கோ தெருமுனைக்கோ போங்கள். வேறொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் உங்கள் போனை இணைத்து, ஏரோபிளேன் மோடிலேயே திரும்பப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்து வீட்டு வைஃபையில் செய்யவில்லை என்றால் போனும் சிம்மும் சரி, குற்றம் வீட்டு இணைப்பில். இரண்டிலும் வரவில்லை என்றால் ரவுட்டரைத் தொட வேண்டாம். அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

போனில் என்ன பார்க்க வேண்டும்?

இரண்டு சிம் இருந்தால் வைஃபை காலிங்கை ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாக இயக்க வேண்டும். ஒன்றுக்குப் போட்டுவிட்டு மற்றதை மறப்பது மிகச் சாதாரணம். வி.பி.என். செயலி ஓடினால் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் பிரைவேட் டி.என்.எஸ். (சர்வரின் பெயரைக் கொண்டு அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) என்ற இடத்தில் விளம்பரத் தடுப்பு முகவரி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். நுழைவாயில் சர்வரின் முகவரி கிடைக்காமல் போவதற்கு அதுவும் காரணமாகலாம்.

தேதியும் நேரமும் தானியங்கியில் இருக்கட்டும். நுழைவாயில் சர்வரின் சான்றிதழை போன் சரிபார்க்கும்போது கடிகாரம் தப்பாக இருந்தால் சுரங்கம் அமையாது. கடைசியாக, நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் ரீசெட் செய்து பாருங்கள். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் போகும், படங்களும் தொடர்புகளும் போகாது.

ஃபைபர்காரர் ஒரு பெட்டி வைத்தார். அதன் பின்னால் என் பழைய ரவுட்டரையும் இணைத்திருக்கிறேன். இது சரியா?

இங்கேதான் பல வீடுகளில் கோளாறு பிறக்கிறது. ஃபைபர் வந்து சேரும் ஓ.என்.டி. பெட்டி பெரும்பாலும் தானே ஒரு முழு ரவுட்டர். அதன் லேன் போர்ட்டிலிருந்து (வீட்டுக் கருவிகளுக்கான துளை) ஒரு கம்பி எடுத்துப் பழைய ரவுட்டரின் வேன் போர்ட்டில் (வெளி இணைப்புக்கான துளை) செருகினால், வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முகவரியை மாற்றுகின்றன. சுரங்கம் சில சமயம் இதையும் தாண்டிப் போகும். ஆனால் இரண்டில் எந்த ஒன்று யு.டி.பி. இணைப்பைச் சீக்கிரம் மறந்தாலும், எந்த ஒன்றின் தடுப்புச் சுவர் கடுமையாக இருந்தாலும் அறுந்துவிடும். இரண்டும் 192.168.1 என்ற ஒரே முகவரி வரிசையைப் பயன்படுத்தினால் நிலைமை இன்னும் மோசம். எது எங்கே போகிறது என்று ரவுட்டருக்கே தெரியாது.

பழைய ரவுட்டரை அக்சஸ் பாயின்ட்டாக, அதாவது முகவரியை மாற்றாமல் வைஃபை மட்டும் தரும் பெட்டியாக, மாற்றுவதே சுலபமான தீர்வு:

1. பழைய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அக்சஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்தது.
2. இல்லையென்றால் அதன் லேன் முகவரியை, ஓ.என்.டி. 192.168.1.1 என்றால், 192.168.1.2 என்று மாற்றுங்கள்.
3. அதில் டி.எச்.சி.பி.யை அணையுங்கள். முகவரி வழங்குவது ஓ.என்.டி.யின் வேலையாக மட்டும் இருக்கட்டும்.
4. ஓ.என்.டி.யிலிருந்து வரும் கம்பியை வேன் போர்ட்டில் அல்ல, லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். இந்தப் படியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.
5. இரண்டிலும் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்கட்டும். சேனல் மட்டும் வேறு, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 6 அல்லது 11.

விலை உயர்ந்த ரவுட்டர் கையில் இருந்து, அதுவே தலைமை வகிக்க வேண்டும் என்றால், ஓ.என்.டி.யை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை அப்படியே கடத்தும் நிலை) மாற்றச் சொல்லிச் சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். பி.எஸ்.என்.எல். ஃபைபர் போன்ற, ரவுட்டரே உள்நுழைய வேண்டிய பி.பி.பி.ஓ.இ. இணைப்புகளில் பயனர் பெயர், கடவுச்சொல், வீலான் எண் மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவை இல்லாமல் பிரிட்ஜ் மோடுக்குப் போனால் இன்டர்நெட்டே நின்றுவிடும்.

ரவுட்டரில் போர்ட் திறக்க வேண்டுமா?

வேண்டாம். சுரங்கத்தைத் தொடங்குவது உள்ளே இருக்கும் போன். வெளியிலிருந்து யாரும் கதவைத் தட்டுவதில்லை. ஆகவே போர்ட் ஃபார்வர்டிங் போடுவது வீண் வேலை. ஒரே போனுக்கு 4500ஐத் திருப்பிவிட்டால் வீட்டில் மற்ற போன்களுக்குக் கெடுதல்கூட வரலாம்.

பார்க்க வேண்டியது வெளியே போகும் வழி. ஓ.என்.டி.யில் ஃபயர்வால் நிலை 'ஹை' என்று இருந்தால், வழக்கமான இணையப் போர்ட்களைத் தவிர மற்றவற்றை அது அடைத்துவிடக்கூடும். 'மீடியம்' அல்லது 'லோ' ஆக்கிப் பாருங்கள். ஐபிசெக் பாஸ்த்ரூ என்ற தேர்வு இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். இயக்கியும் சுரங்கம் அமையவில்லை என்றால் அதை அணைத்து ஒருமுறை முயலுங்கள். சில ரவுட்டர்களின் மென்பொருளில் அந்த வசதியே போர்ட் 500 போக்குவரத்தைக் குழப்பிவிடுகிறது. எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. (அழைப்பைத் தொடங்கும் எஸ்.ஐ.பி. செய்திகளை ரவுட்டர் திருத்தும் வசதி) என்பதை அணைக்கச் சொல்லும் அறிவுரை பல இடங்களில் கிடைக்கும். வைஃபை காலிங்குக்கு அதனால் பயனில்லை. எஸ்.ஐ.பி. செய்தி சுரங்கத்துக்குள் மறைந்து போவதால் ரவுட்டரின் கண்ணுக்கே அது படாது.

எம்.டி.யு. என்று எதையோ மாற்றச் சொல்கிறார்கள். அதற்கும் போனுக்கும் என்ன தொடர்பு?

நிறையத் தொடர்பு உண்டு. ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பொட்டலத்தின் உச்ச அளவுதான் எம்.டி.யு. ஈதர்நெட்டில் அது 1500 பைட். பி.பி.பி.ஓ.இ. தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிஞ்சுவது 1492. கேபிள் இணைப்பில் 1500ஆக இருந்தது, ஃபைபரில் 1492 ஆகிவிட்டால் ரவுட்டரில் இருக்கும் பழைய எண் பொய்யாகிறது.

இணையப் பக்கங்கள் இதனால் பாதிக்கப்படுவதில்லை, அவை பெரும்பாலும் பயன்படுத்தும் டி.சி.பி. இணைப்புகளின் பொட்டல அளவை ரவுட்டர் தானாகவே குறைத்துவிடும். யு.டி.பி.க்கு அந்தச் சலுகை கிடையாது. சுரங்கம் அமைக்கும்போது நுழைவாயில் சர்வர் தன் சான்றிதழை அனுப்பும் செய்தி 1500 பைட்டைத் தாண்டிவிடலாம். அப்போது அது துண்டு துண்டாக வரும். துண்டுகளில் ஒன்று வழியில் விழுந்தாலோ, துண்டுப் பொட்டலங்களைத் தடு என்ற தேர்வு ரவுட்டரில் இயங்கினாலோ சான்றிதழ் முழுதாகச் சேராது. சுரங்கம் பாதியிலேயே நின்றுவிடும். இதன் அடையாளம்: வைஃபை காலிங் சின்னம் வரவே வராது, ஆனால் எப்போதாவது வந்துவிட்டால் குரல் அருமையாக இருக்கும். குரல் பொட்டலங்கள் சிறியவை, அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அளந்து பார்க்க, விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் கட்டளையை 'துண்டாக்காதே' தேர்வுடன் 1472 பைட் அளவில் கூகுளின் 8.8.8.8 சர்வருக்கு அனுப்புங்கள் (ping 8.8.8.8 -f -l 1472). பதில் வந்தால் எம்.டி.யு. 1500. வராவிட்டால் 1464; இதற்கு வந்தால் 1492. அதற்கும் வராவிட்டால் எட்டு எட்டாகக் குறையுங்கள். பதில் வரும் மிகப் பெரிய எண்ணுடன் 28ஐக் கூட்டினால் உங்கள் எம்.டி.யு. அந்த எண்ணை ரவுட்டரின் வேன் பகுதியில் பதிந்து, துண்டுப் பொட்டலத் தடையை எடுத்து, ரவுட்டரையும் போனையும் அணைத்து இயக்குங்கள்.

ஐ.பி.வி.6 காரணமாக இருக்குமா?

இருக்கலாம். ரவுட்டர் போனுக்கு ஐ.பி.வி.6 என்ற புதிய வகை ஐ.பி. முகவரியைக் கொடுத்துவிட்டு வெளியே வழி கொடுக்காமல் இருந்தால், போன் முதலில் அந்த முட்டுச்சந்துக்குள் போய் நிற்கும். ரவுட்டரில் ஐ.பி.வி.6ஐ அணைத்துச் சோதியுங்கள். அணைத்ததும் சரியானால், அந்த வசதியை முழுமையாகத் தரச் சொல்லிப் பிராட்பேண்ட் நிறுவனத்திடம் புகார் எழுப்பலாம். அதுவரை அணைத்தே இருக்கட்டும்.

என் முகவரி 100 என்று தொடங்குகிறது. ஸ்டேட்டிக் ஐ.பி. வாங்கினால் தீருமா?

ரவுட்டரின் வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் இருக்கிறீர்கள். இந்தியாவில் இது சாதாரணம். இதனால் மட்டும் வைஃபை காலிங் நிற்காது. மேலே சொன்ன எல்லாம் செய்த பிறகும் நிற்கிறது, அதே போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிறது என்று உறுதியான பிறகுதான் ஸ்டேட்டிக் ஐ.பி.க்கு (உங்களுக்கே உரிய, மாறாத பொது முகவரி) மாதாமாதம் பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நான் அழைத்தால் போகிறது. எனக்கு வரும் அழைப்பு மட்டும் அடிப்பதில்லை, 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்கிறது.

உங்கள் போன் சும்மா இருக்கும் நேரத்தில் ரவுட்டர் அந்தச் சுரங்கத்தை மறந்துவிடுகிறது. ஒவ்வொரு யு.டி.பி. இணைப்புக்கும் ரவுட்டர் ஒரு கணக்கு வைத்திருக்கும். குறிப்பிட்ட நேரம் பொட்டலம் எதுவும் போகவில்லை என்றால் அதை அழித்துவிடும். குறைந்தது 2 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்பது இணையத் தர விதி. ஆனால் 30 நொடியிலேயே அழித்துவிடும் ரவுட்டர்களும் உண்டு. சுரங்கத்தை உயிரோடு வைக்க போன் இடையிடையே சிறு பொட்டலம் அனுப்பும். பேட்டரி சேமிப்பு மோடில் தூங்கிப்போனால் அதுவும் நின்றுவிடும். நீங்கள் அழைக்கும்போது சுரங்கம் புதிதாக அமைவதால் வெளி அழைப்புக்குத் தடை தெரிவதில்லை.

ரவுட்டரில் யு.டி.பி. டைம்அவுட் என்ற எண் இருந்தால் 300 நொடி ஆக்குங்கள். போனில் பேட்டரி சேமிப்பை அணையுங்கள். ஸ்கிரீன் அணைந்ததும் வைஃபையைத் துண்டிக்கும் தேர்வு பழைய ஆண்ட்ராய்டு போன்களில் உண்டு, அதையும் எடுத்துவிடுங்கள். இரண்டு ரவுட்டர் அடுக்கு இருந்தால் முதலில் அதை ஒழித்துவிட்டுப் பிறகு பாருங்கள்.

ஹாலிலிருந்து படுக்கையறைக்கு நடந்தால் அழைப்பு அறுந்துவிடுகிறது.

ஹாலில் ஓ.என்.டி.யின் வைஃபை, உள்ளே பழைய ரவுட்டரின் வைஃபை என்று இருந்தால், நடக்கும்போது போன் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிறது. பழைய ரவுட்டர் தானும் முகவரி வழங்கினால் போனின் ஐ.பி. மாறிவிடும், சுரங்கம் அங்கேயே முறியும். மேலே சொன்னபடி அக்சஸ் பாயின்ட்டாக மாற்றினால் முகவரி அப்படியே இருக்கும், மாறும் நேரத்தில் ஒரு சொல் விழுங்கப்படலாம், அழைப்பு நிற்காது.

வாசலைத் தாண்டும்போது அறுந்தால் கதை வேறு. அங்கே அழைப்பு 4ஜி டவருக்குக் கைமாற வேண்டும். வாசலில் 4ஜி இல்லை என்றால் கைமாற இடமில்லை. பேசி முடித்துவிட்டு வெளியே போவதைத் தவிர வழி கிடையாது.

குரல் உடைந்து உடைந்து கேட்கிறது.

பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபைபர் கம்பி ஜன்னல் வழியாக நுழைந்த இடத்திலேயே, கதவுக்கு மேலே ஆணியடித்து மாட்டிவிட்டுப் போவது லைன்மேன்களின் வழக்கம். பழைய ரவுட்டர் வீட்டின் நடுவில் இருந்திருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டு செங்கல் சுவர் தாண்டினாலே தளர்ந்துவிடும். போனில் வைஃபை அளவை ஒரு செயலியால் பார்த்து, மைனஸ் 67 டி.பி.எம். அல்லது அதைவிட நல்ல அளவு (அதாவது மைனஸ் 60, மைனஸ் 55) வரும்படி பெட்டியை நகர்த்துங்கள், அல்லது அக்சஸ் பாயின்ட் வையுங்கள். உள்ளே போகும் பழைய லேன் கம்பியில் நான்கு இழை மட்டுமே இணைந்திருந்தால் வேகம் 100 எம்.பி.பி.எஸ்.க்கு மேல் போகாது. குரலுக்கு அது தாராளம். ஃபைபர் கம்பியை மட்டும் நீங்களே மடக்கி நகர்த்த வேண்டாம். கூர்மையாக மடங்கினால் ஒளி கசியும், ஓ.என்.டி.யில் லாஸ் என்ற சிவப்பு விளக்கு எரியும்.

வைஃபை நன்றாக இருந்தும் உடைந்தால், அப்லோடை எது தின்கிறது என்று தேடுங்கள். படங்களை கிளவுடுக்கு ஏற்றும் போன், கண்காணிப்புக் கேமரா இரண்டும் முதல் சந்தேக நபர்கள். அவை ஓடும்போது பிங் நேரம் சில நூறு மில்லிநொடிக்கு ஏறினால் ரவுட்டரில் க்யூ.ஓ.எஸ். (எந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்று வகுக்கும் வசதி) இயக்கி, அப்லோடை உண்மை வேகத்தின் 85 முதல் 90 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துங்கள். குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லிநொடிக்கு மேல் ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள்.

அழைப்பு வருகிறது, ஓ.டி.பி. வரவில்லை.

வைஃபை வழியாக எஸ்.எம்.எஸ். வருவது மொபைல் நிறுவனமும் போன் மாடலும் சேர்ந்து ஆதரித்தால்தான் நடக்கும். ஏரோபிளேன் மோடில் வைஃபை மட்டும் வைத்து, வீட்டில் இன்னொருவரை எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் போனின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால், வங்கிக் கணக்கில் மின்னஞ்சலுக்கும் ஓ.டி.பி. அனுப்பும் வசதி இருந்தால் அதைப் பதிந்துகொள்ளுங்கள்.

கரண்ட் போனால்?

இதை மாற்றும் நாளிலேயே யோசிக்க வேண்டும். கரண்ட் போனதும் ஓ.என்.டி. அணையும், வைஃபை அணையும், டவரும் எடுக்காது. அவசரத்துக்கு 112ஐக்கூட அழைக்க முடியாமல் போகலாம். முதியவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு மினி யு.பி.எஸ். அவசியம். அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் மட்டுமே. ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். ஓ.என்.டி., அக்சஸ் பாயின்ட் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

இந்தத் தொல்லைக்கு ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டினால் என்ன?

வாங்காதீர்கள். ஆன்லைனில் கிடைக்கிறது என்பதற்காக அது அனுமதிக்கப்பட்டது ஆகிவிடாது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் மொபைல் ரிப்பீட்டர் எனப்படும் இந்த பூஸ்டரை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். தொலைத்தொடர்புத் துறையின் கண்காணிப்புப் பிரிவு அவற்றைத் தேடிக் கைப்பற்றுகிறது. சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் அது கெடுதல்தான். வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் போதிய இடைவெளி இல்லாமல் இருந்தால் பூஸ்டர் தன் ஒலிபரப்பைத் தானே பிடித்து ஊளையிடத் தொடங்கும். அந்த இரைச்சல் டவரின் காதை அடைக்க, தெரு முழுவதும் அழைப்புகள் அறுபடும். உங்கள் ஒரு வீட்டின் வசதிக்காகப் பக்கத்து வீட்டு ஆம்புலன்ஸ் அழைப்பு நின்றுபோகக் கூடாது.

அமெரிக்காவில் மகன் வீட்டில் மொபைல் நிறுவனமே கொடுத்த பெட்டி இருக்கிறது. ஃபைபர் மாற்றியதும் அதுவும் நின்றுவிட்டது.

அது ஃபெம்டோசெல், பிராட்பேண்டில் செருகினால் வீட்டுக்குள் குட்டி டவராக இயங்கும். அதுவும் ஐபிசெக் சுரங்கம்தான் அமைக்கிறது, ஆகவே எம்.டி.யு., இரட்டை ரவுட்டர், ஃபயர்வால் பற்றி மேலே சொன்னவை எல்லாம் பொருந்தும். நேரத்தைச் சரிபார்க்க யு.டி.பி. 123ம் திறந்திருக்க வேண்டும். கூடுதலாக இரண்டு காரணங்கள் உண்டு. வெரைசன் நெட்வொர்க் எக்ஸ்டெண்டர் போன்றவற்றுக்கு ஜி.பி.எஸ். சிக்னல் வேண்டும், ஃபைபர் போட்டபோது ரவுட்டரோடு சேர்த்து உள்ளறைக்கு நகர்த்தியிருந்தால் அது பிடிக்காது. ஜன்னலருகே வைத்து ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். மற்றது, பெட்டி பழைய 3ஜி வகையா என்பது. ஏ.டி.&டி. மைக்ரோசெல் 2022 பிப்ரவரியில் 3ஜி வலையமைப்போடு சேர்ந்து நிறுத்தப்பட்டது. பிரிட்டனின் வோடஃபோன் ஷ்யூர் சிக்னலும் 3ஜி பெட்டிதான். அதற்கும் இனி வேலை இல்லை. எந்த ரவுட்டர் அமைப்பும் அவற்றை எழுப்பாது.

கஸ்டமர் கேரில் என்ன சொல்ல வேண்டும்?

'நெட் வேலை செய்யவில்லை' என்று சொன்னால் ஸ்பீட் டெஸ்ட் எடுக்கச் சொல்லி முடித்துவிடுவார்கள். பிராட்பேண்ட் நிறுவனத்திடம் இப்படிச் சொல்லுங்கள்: 'உங்கள் இணைப்பில் யு.டி.பி. 500, 4500 வழியாக ஐபிசெக் சுரங்கம் அமைவதில்லை. இதே போன் வேறு இணைப்பில் வேலை செய்கிறது. ஓ.என்.டி.யின் ஃபயர்வால், எம்.டி.யு. இரண்டையும் உங்கள் தொழில்நுட்பக் குழு பார்க்க வேண்டும்.' ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லை என்றால் மொபைல் நிறுவனத்தை அழைத்து, அந்த சிம்மில் வைஃபை காலிங் சேவை இயங்குகிறதா, உங்கள் போன் மாடல் அவர்கள் பட்டியலில் உள்ளதா என்று கேளுங்கள். இரண்டு இடத்திலும் புகார் எண்ணை எழுதி வாங்காமல் போனை வைக்காதீர்கள். வீட்டுக்கு வரும் லைன்மேனிடம், அவர் கிளம்புவதற்கு முன்பே ஏரோபிளேன் மோடில் ஓர் அழைப்பு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.